நாளைக்கும் வருவீங்களா?

கையில இருக்கிற பேப்பரைக் கொஞ்சம் கீழ வெச்சிட்டு இங்க பாருங்க. புதுசா ஜெயிச்சு வந்த கவுன்சிலர்கள் நீங்க. உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லணும். ஊரான் கதை இல்ல... என் கதைதான்.

எனக்கும் அப்ப புதுப் பதவி. குழந்தைகள் இல்லத்தைப் பார்வையிடுற குழுவுல என்னைப் போட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போகணும், பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். முதல் தடவை போனேன். அடேயப்பா! பொன்னாடை என்ன, வரவேற்புப் பாட்டு என்ன, குரூப் போட்டோ என்ன! கிளம்புறப்ப ஒரு பொண்ணு ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிச்சு. செண்பகம்னு பேரு, பத்து வயசு.

"மேடம்... நாளைக்கும் வருவீங்களா?"

எனக்கு அப்படியே உருகிப் போச்சு. "அடுத்த தடவை வர்றேன்டா கண்ணு"ன்னேன். வீட்டுக்கு வந்து அவர்கிட்டப் பீத்திக்கிட்டேன். "பாத்தீங்களா, ஒரே நாள்ல பிள்ளைங்க என்மேல எவ்வளவு பாசமா ஆயிடுச்சுங்க!"

பாசமாம்... பாசம்!

அப்புறம் என்ன ஆச்சு? வேலை வந்துருச்சு. ரோடு, சாக்கடை, கல்யாண வீடு. "போய் என்னத்தைப் புதுசா பாக்கப் போறோம்?"னு பதிவேட்டை வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லி, காபி குடிச்சுக்கிட்டே எழுதினேன்: 'குறை ஏதும் இல்லை.' ஒரு தடவை இல்லங்க... மூணு தடவை!

வருஷம் திரும்புறப்ப நேர்ல போனேன். வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. அதுல இருந்து ஆயாம்மா நாலு வயசுக் குழந்தை ஒண்ணை இறக்கினாங்க. செண்பகம் பாய்ஞ்சு ஓடுது.

"குயிலி! குயிலி!"

அந்தக் குழந்தை ஆயாம்மா சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, "யாரு இவங்க?"ன்னு கேட்டுச்சு.

"அக்காடி... நான் உன் அக்காடி..."

ஆமாங்க, கூடப் பொறந்த தங்கச்சி. சின்னப் பிள்ளைங்களுக்கு ஊருக்கு அந்தப் பக்கம் வேற இல்லம். குழு வர்ற அன்னைக்கு மட்டும்தான் போட்டோவுக்காக வேன்ல கூட்டிட்டு வருவாங்க. நான் வந்தாத்தான் அக்கா தங்கச்சியைப் பாக்க முடியும். நான் வரல, என்னை நம்பிக் குழுவும் வரல. ஒரு வருஷம்! அது அக்காவை மறந்தே போச்சு.

மறுநாளே இல்லத்து அதிகாரிகிட்டப் பேசினேன். வாராவாரம் சந்திக்க ஏற்பாடு ஆச்சு. அதுக்கு எத்தனை நாள் ஆச்சு தெரியுமா? ஒரே ஒரு போன்... அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

நாளைக்கு உங்க கையைப் பிடிச்சும் ஒரு பிள்ளை, "எப்ப வருவீங்க?"ன்னு கேக்கும். சந்தோஷப்படாதீங்க. என்னை மாதிரி சந்தோஷப்பட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க. வார்டன் இல்லாத இடமாப் பாத்து, பக்கத்துல உக்காந்து, "ஏன்மா கேக்குற?"ன்னு கேளுங்க.

அந்த ரெண்டு வார்த்தையை நான் கேக்கலைங்க. குயிலி அக்காவை மறந்துபோயிருந்த அன்னைக்கு, நான் கிளம்புறப்ப... செண்பகமும் என்கிட்ட "நாளைக்கும் வருவீங்களா?"ன்னு கேக்கல.