முன்னால் போகிற முதுகு

மத்தியானம் பன்னிரண்டு மணி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து ஜி.என்.டி. ரோட்டுக்குப் போகிற மண் பாதை… ஒரு காக்கை இல்லை. ஒரு ஆடு இல்லை. எழுபத்தாறாம் வருஷத்துக் கத்திரி வெயில்.

என்ன, மத்தியானமா என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள்? கரண்ட் போனதும் பேய்க்கதை கேட்க லாந்தரைச் சுற்றி ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாகிவிட்டது. இருட்டினால்தான் அது வரும், விடிந்தால் ஓடிப்போகும் என்று எவனோ உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். நம் பச்சையப்பனின் அக்கா கனகாம்பாளுக்கு நடந்தது பட்டப்பகலில். சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும்போது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

பச்சையப்பன் குடும்பம் பள்ளிப்பட்டுப் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள். கனகாம்பாளைத் திருவள்ளூரில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீரராகவன். கும்மிடிப்பூண்டியில் புதிதாய் முளைத்த ஒரு இரும்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் வேறொன்றுமில்லை… பத்துப் பேர் வெயிலில் கம்பி தூக்குவார்கள், அதை நிழலில் நின்று பார்க்கிற உத்தியோகம். அதற்கு ஐயாவுக்கு இருந்த மிதப்பு கலெக்டருக்குக்கூட இருக்காது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முழங்கை வரை மடிப்பு. கையை வீசிக்கொண்டு ஒரு நடை.

பெண்டாட்டியோடு வெளியே கிளம்பினால் அவன் முன்னால், அவள் பின்னால். ஒரு தரம் திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பிப் பார்த்தால் ஆண்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சலாம்! கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் முகத்தைவிட முதுகுதான் கனகாம்பாளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வாயைத் திறக்க மாட்டாள். மனசுக்குள்ளே அவனை நார்நாராய்க் கிழிப்பாள். 'நட ராசா, நட, பின்னால யானை சேனையெல்லாம் வருதுன்னு நெனப்பு' என்று அந்த முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேதான் நடப்பாள்.

ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. முதல் பிள்ளை தங்கவில்லை. மாமியார் வீட்டில் கிணற்றுத் தண்ணீரைச் சேந்திச் சேந்தியே மூன்றாம் மாசம் கலைந்துபோனது. இப்போது மறுபடியும் நான்கு மாசம். கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கொடுக்கும் வரைக்கும் ரோட்டோரம் இருக்கிற லாட்ஜில் தங்கலாம் என்று வீரராகவன் அழைத்து வந்தான். லாட்ஜில் கிணறு கிடையாது. குடம் கிடையாது. மாமியார் கிடையாது. அந்த ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டால் இந்தப் பிள்ளை தங்கிவிடும்… அது ஒன்றுதான் அவள் நினைப்பு. வயிற்றில் ஒரு கையை வைத்தபடிதான் ரயிலை விட்டு இறங்கினாள்.

அதே ரயிலில் பழவேற்காட்டு மீன்காரிகள் சிலர் இறங்கினார்கள். இறங்கியவர்கள் நடக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடையை இறக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, வெற்றிலையைப் பிரித்துவிட்டார்கள். மடவை மீன் வாசனை குப்பென்று அடித்தது. கனகாம்பாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கெங்கம்மாள் என்கிற மீன்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், புள்ளத்தாச்சிய இட்டுக்கினு இந்த நேரத்துல கெளம்பிட்ட? செத்த குந்து. உச்சி சாஞ்சதும் அல்லாரும் ஒண்ணாப் போலாம்."

"உன் மீன் நாறுது. மொதல்ல அதப் பாரு," என்றான் வீரராகவன்.

"நாறினா நாறட்டும். மீனு போனா நாளைக்கு வேற மீனு." கெங்கம்மாள் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தாள். "போய்த்தான் ஆவணும்னா பக்கத்துல பக்கத்துல போ. அந்தப் பொண்ணு கையப் புடிச்சுக்கோ. இந்த ரோட்ல உச்சி நேரத்துல ஒருத்தர் பின்னால ஒருத்தர் போவக் கூடாது, ஆமா."

வீரராகவனுக்கு வந்ததே கோபம்! "கையப் புடிச்சுக்கினு ஜோடி போட்டு நடக்க நான் இன்னா சினிமாக்காரனா? கூட வேல செய்றவன் எவனாவது பாத்தா காறித் துப்ப மாட்டான்? மீன்காரிகிட்ட நடக்கக் கத்துக்கணும்னு என் தலையெழுத்தா… இந்தா, வா."

கிளம்பிவிட்டான். அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

பாதை என்று பேருக்குத்தான். கம்பெனி வருகிறது, வருகிறது என்று இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி போட்டு நிலத்தை வளைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. வேலிக்காத்தான் முள்ளும், கிராவல் தோண்டிய பள்ளங்களும்தான். எங்கிருந்தோ சுட்ட இரும்பு வாசனை. அவன் செருப்புச் சத்தம் மட்டும்… சரக்… சரக்… சரக்… செம்மண் கொதித்தது. அவள் ரப்பர் செருப்பையும் மீறிச் சுட்டது.

பாதி தூரம் போயிருப்பார்கள். ஒரு வேலிக்காத்தான் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு அவள் குதிகாலில் ஏறியது.

"இன்னாங்க… முள்ளு ஏறிடுச்சு. செத்த நில்லுங்க."

"புடுங்கிக்கினு வா," என்றான். நிற்கவில்லை. திரும்பவில்லை. பாதை வளைகிற இடத்தில் முள் மறைவில் போய்விட்டான்.

அவள் குனிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினாள். சரக்… சரக் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. எழுந்து நொண்டிக்கொண்டே வளைவைத் தாண்டினாள்.

அங்கே அவன் நின்றுகொண்டிருந்தான்.

முதுகைக் காட்டியபடி… அதே வெள்ளைச் சட்டை, அதே மடிப்பு… அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

இதோ பாருங்கள், பொம்பளை மனசு என்கிற அசட்டு வஸ்துவை. இரண்டு வருஷமாய் நாராய்க் கிழித்த மனசு, ஒருத்தன் ஒரு நிமிஷம் நின்றதற்கே இளகிப்போனது. 'பரவாயில்லையே, புள்ளத்தாச்சின்னு ஞாபகம் வந்திருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். அவள் கிட்டே வந்ததும் அவன் நடக்க ஆரம்பித்தான். மெதுவாக. அவள் நொண்டுகிற வேகத்துக்குத் தகுந்தாற்போல.

கால் சுடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அவளுக்கு உறைத்தது. தண்ணீர் தெளித்த வாசல் மாதிரி மண் குளிர்ந்து கிடந்தது. வாசனையும் மாறிவிட்டது… புதுசாய்க் கிணறு வெட்டும்போது வருமே ஈரமண் வாசனை, அது. மேகம் கட்டியிருக்கிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது. மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. சூரியன் நேரே தலைக்கு மேலே.

குனிந்து பார்த்தாள். அவளுடைய நிழல் புடவைக் கொசுவத்துக்கு அடியில் தோசை அகலத்துக்குச் சுருண்டு கிடந்தது. உச்சி வேளையில் யாருக்கும் அப்படித்தானே இருக்கும்?

முன்னால் போகிறவன் நிழல் நீளமாக இருந்தது. சாயங்காலத்து நிழல் மாதிரி. அவன் குதிகாலில் தொடங்கி, மண்ணில் நீண்டு வந்து, அவள் பாதத்தை மூடி, அவளைத் தாண்டிப் பின்னாலும் போயிருந்தது… அவள் இவ்வளவு நேரம் அதற்குள்ளேயே நடந்து வந்திருக்கிறாள்.

செருப்புச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தாள். இல்லை. அவன் கால் மண்ணில் படுகிறது, சத்தம் இல்லை.

பாதத்திலிருந்த குளிர்ச்சி கணுக்காலுக்கு ஏறியது. முழங்காலுக்கு ஏறியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். புடவைக்கு மேலேயே சில்லென்று இருந்தது. ஐயோ, பிள்ளை… என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அவனும் நின்றான்.

"வா, கண்ணு," என்றான். வீரராகவன் குரலேதான். "இன்னும் கொஞ்ச தூரந்தான்."

கண்ணாம்! அந்த வாயிலிருந்து இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தை வந்தது கிடையாது. இந்தா, ஏய், கழுதை… இவைதான் அவள் பெயர். அந்த ஒரு சொல்லில்தான் கனகாம்பாளுக்கு உயிரே நடுங்கியது. இது அவன் இல்லை. அவனுக்கு இவ்வளவு பிரியம் கிடையாது.

அந்தத் தலை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குளிர்ச்சியை விட்டு விலகி, பக்கத்தில், கொதிக்கிற மண்ணில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். தொடை வெந்தது. வேகட்டும் என்று அசையாமல் இருந்தாள். சுடுகிற வரைக்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அவளாகவே ஒரு கணக்கு. "கண்ணு… கண்ணு…" என்று காதுக்குப் பக்கத்தில் கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை. அவள் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"அடி ஆத்தே, இங்கியா வந்து குந்திக்கினு கீற!" என்று கெங்கம்மாள் தோளைத் தொட்டபோதுதான் திறந்தாள்.

மீன்காரிகள் கைகோத்துப் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தார்கள். அவள் எப்போதோ நழுவவிட்ட துணிப்பை பாதையை விட்டு ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்துத் தேடி வந்தார்களாம். கனகாம்பாள் முன்னால் பார்த்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் கிராவல் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். லாட்ஜுக்குப் போகிற பாதை எப்போதோ வேறு பக்கம் பிரிந்துவிட்டிருந்தது.

அவளை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து லாட்ஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். லாட்ஜ் என்றால் கனவு காணாதீர்கள். சுண்ணாம்பு உதிர்ந்த மாடிக் கட்டடம், கீழே சாப்பாட்டுக் கடை, மூத்திர நாற்றம். மேஜையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த மேனேஜரிடம் கெங்கம்மாள்தான் கேட்டாள்.

"சூப்பர்வைசர் வீரராகவன் ரூமு எது? அவரு சம்சாரம் வந்துகீது."

மேனேஜர் கனகாம்பாளை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாம்மா வெளையாடுற? அவரு சம்சாரத்தோட வந்து ஒரு மணி நேரம் ஆவுது. அவரு முன்னால வந்தாரு, அந்தம்மா பின்னாலயே தலையக் குனிஞ்சுக்கினு வந்துச்சு. ரெண்டு சாப்பாடு மேல போயிருக்குது."

கனகாம்பாள் படியேறினாள். ரூம் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே வளையல் சத்தம். தட்டினாள்.

"யாரு?"

"நான்தாங்க. கனகா."

உள்ளே சத்தம் நின்றது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது. கொஞ்சம் கம்மிய, பள்ளிப்பட்டு இழுப்போடு, கனகாம்பாளின் சொந்தக் குரல்.

"தொறக்காதீங்க. ரோட்ல இருந்தே அது நம்ப பின்னாலதான் வந்துக்கினு இருக்குது."

யார் சொல்லையும் கேட்காத வீரராகவன், மீன்காரி சொன்னதற்கு எகிறிக் குதித்த வீரராகவன், உள்ளேயிருந்து சொன்னான்: "சரிம்மா."

கதவு திறக்கவில்லை. எட்டிப் பார்க்க ஜன்னல் இருந்தது, அதையும் அவன் திறக்கவில்லை. அவ்வளவு நீள ரோட்டில் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், அதற்கே துப்பில்லாதவன் ஜன்னலையா திறக்கப்போகிறான்? கனகாம்பாள் அழவில்லை. அந்த வாசற்படியில் காறித் துப்பினாள். இறங்கி வந்துவிட்டாள். கெங்கம்மாளே கூட வந்து ரயிலேற்றிவிட்டாள்.

பள்ளிப்பட்டில், அம்மா வீட்டில், ஐப்பசி மாசம் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. முழுப் பிள்ளை. ஒரு குறையும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பச்சையப்பன் எத்தனை நாள் பொறுப்பான்? "மாமன் கால ஒடச்சிட்டு வர்றேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.

மறுநாள் திரும்பி வந்தான். யாரோடும் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வீட்டுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது அவன் கூட்டாளி அப்பாவு கேட்டான். ஜன்னலுக்கு உள்ளே கனகாம்பாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது.

"போன காரியம் இன்னாடா ஆச்சு? மாமனப் பாத்தியா?"

"பாத்தேன். குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்க. நல்லா கீறாரு."

"ரெண்டு போட்டியா?"

"இல்ல." பச்சையப்பன் கட்டில் கயிற்றை நிமிண்டினான். "அக்காதான் சோறு போட்டுச்சு. எனக்குப் புடிக்கும்னு கத்திரிக்கா சுட்டுக் கடஞ்சி வச்சிருந்துச்சு. நைனா எப்டி கீறாருன்னு கேட்டு அழுதுச்சு."

அப்பாவு ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினான். "அப்போ… இங்க உள்ள கீறது?" என்றான்.

உள்ளே கனகாம்பாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி சொல்லப்போகிற பதிலுக்காக.

"தெரியலடா," என்றான் பச்சையப்பன். "அங்க இருக்கிறதுதான் எங்க அக்கா மாதிரி இருக்குது."