உதட்டுல மட்டும் வேண்டாம்

இல்லக்கா, உங்க பெட்டியத் திறக்காதீங்க. அதுல இருக்கறது எதுவும் வேண்டாம். கீழ உங்க பார்லர்ல வாங்குனதெல்லாம் இந்த பிஸ்கட் டப்பாவுல கிடக்கு, இத வச்சே பண்ணிடுங்க. தம்பி நாலு மணிக்கு இறங்கறான், ஏர்போர்ட்லேருந்து நேரா வீடுதான். அவன் உள்ள வர்றப்போ அம்மா முகம் வீடியோ கால்ல எப்படித் தெரியுமோ அப்படியே இருக்கணும். அவ்வளவுதான் வேலை.

அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. யார் யாரோ கொண்டுவந்து சேரா அடுக்கிட்டாங்க, நடக்க இடமில்ல. கிசுகிசுன்னு பேச வேண்டாம்க்கா, சாதாரணமாவே பேசுங்க.

இந்த லிப்ஸ்டிக்கப் பாருங்க, அடிவரைக்கும் வழிச்சாச்சு, இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். நீங்ககூட ஒருநாள் கேட்டீங்களே, என்னம்மா யாரையாவது பாத்து வச்சிருக்கியா, லிப்ஸ்டிக் இப்படிப் பறக்குதேன்னு. நானும் ஈன்னு இளிச்சுட்டு வந்தேன். என் உதட்டுல ஒருநாளாவது பாத்திருக்கீங்களா? எல்லாம் அம்மா கன்னத்துக்கு. ஒரு பொட்டு வச்சு விரலால தேச்சுக்கிட்டே இருக்கணும், உள்ளேருந்து ரத்தம் ஊறி வர்ற மாதிரி தெரியற வரைக்கும். காது மடல்லயும் லேசா. காது வெளுத்திருந்தா காட்டிக்குடுத்துரும்டின்னு அவங்களே சொல்லுவாங்க. காலம்பூரா நர்ஸ் வேலை பாத்தவங்களாச்சே. எந்த முகம் தேறும், எது தேறாதுன்னு வார்டு வாசல்ல நின்னே சொல்லிடுவாங்க. அவங்க முகத்தையும் அப்படித்தான் பாத்தாங்க. கண்ணாடியக் கவுத்து வச்சுட்டு, சரி, என்னென்ன வாங்கணும்னு கேட்டாங்க.

இந்த ஊதாப் பவுடர் கண்ணிமைக்குன்னுதான குடுத்தீங்க? க்ரீம்ல குழைச்சு முகம் பூராத் தடவணும். மஞ்சள் அடங்கிடும். கல்லீரல் போயிட்டா தோலெல்லாம் மஞ்சளா ஆயிடுமே, அதுக்கு. கண்ணு வெள்ளையில இருக்கற மஞ்சளுக்குத்தான் வழியே இல்ல. மருந்து விட்டிருக்கேன்னு சொல்லிக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்குவாங்க. இன்னைக்கு அந்தக் கவலை இல்ல. புருவப் பென்சில் நெத்தியோரத்துக்கு, முடி கொட்டுன இடத்துல. மஸ்காரா காதோரத்து நரைக்கு. நகப்பாலிஷ் எதுக்குன்னு சொல்லுங்க பாப்போம். விரல் இளைச்சு மோதிரம் கழண்டு கழண்டு விழுந்துச்சு. உள்பக்கம் நூல் சுத்தி, மேல பாலிஷ் பூசிக் காயவச்சேன். அப்புறம் விழல.

உதட்டுல மட்டும் தொட விட மாட்டாங்க. பொறந்ததுலேருந்து போட்டதில்ல, இப்பப் போட்டா சந்தேகப்படுவான், என் புள்ள ஒண்ணும் முட்டாள் இல்லன்னு. முட்டாள்தான்க்கா. அம்மா, நான் கிளம்புனப்போ இருந்ததவிட இப்பப் பளபளன்னு இருக்கீங்க, அக்கா நல்லாப் பாத்துக்கறா போலன்னான். அந்தச் சந்தோஷத்துல லீவையும் தள்ளிப்போட்டான். போன வச்சதும் அம்மா சிரிச்ச சிரிப்பப் பாக்கணுமே. சிரிச்சு சிரிச்சு கடைசில வாந்தி. முகத்தத் துடைச்சுவிட்டா அந்தப் பளபளப்பெல்லாம் என் கையோட வந்துச்சு.

கோபம் இருக்காதாக்கா? இருக்கு. நிறைய இருக்கு. சிரிக்கிற அம்மாவ அவனுக்குக் குடுத்துட்டு, ராத்திரியெல்லாம் முனகுற அம்மாவ எனக்கு வச்சாங்க. கேட்டா, நீ தாங்குவடி, அவன் தாங்க மாட்டான்னுவாங்க. நான் தாங்குவேன்னு இவங்ககிட்ட யார் சொன்னா?

காலையில அவனுக்கு நான்தான் போன் பண்ணேன். நேத்துப் பேசுனப்போ நல்லாத்தானே இருந்தாங்க, நீ என்ன பண்ணன்னு கத்தறான். என்னையக் கேக்கறான்க்கா, என்னைய. அப்பத் தோணுச்சு, ஒண்ணும் பூச வேண்டாம், இருக்கற முகத்த இருக்கற மாதிரியே பாக்கட்டும், பாத்துட்டு ஆயுசுக்கும் தூங்காம கிடக்கட்டும்னு. துணிய நனைச்சு முழுசாத் துடைச்சும் விட்டேன். துடைச்சா, அய்யோ, நான் தினம் பாக்கற முகம்தான். ஆனா அவனுக்கு அது யாரோ. வந்து நின்னு, எங்க அம்மா எங்கன்னு கேட்டான்னா?

அதான் டப்பாவ எடுத்தேன். நான் போட்டா அச்சு அசலா வரும், தெரியும். எப்பவும் கன்னத்துல விரல வச்சதும் திட்டுவாங்க, சனியனே, ஜில்லுன்னு இருக்கு, கையத் தேச்சுச் சூடு பண்ணிட்டு வைடின்னு. இன்னைக்கு என் கைதான் சூடா இருந்துச்சு.

அதுக்கு மேல எனக்குக் கை வரலக்கா. அதான் உங்களக் கூப்பிட்டேன்.

வாங்க, ஹால்ல ஜன்னலோரமாத்தான் படுக்க வச்சிருக்கு. நான் இப்படிப் பக்கத்துல நின்னு சொல்றேன், நீங்க போடுங்க. முதல்ல ஊதா. கன்னத்துக்கு ஒரு பொட்டு, காதுக்கும். அப்புறம்... இன்னைக்கு உதட்டுலயும் கொஞ்சம் போட்டுடுங்க. விடிஞ்சதுலேருந்து நீலம் ஏறிக்கிட்டே வருது.