இன்னொரு தடவை படிக்கலாம், அக்கா

என் குரல் சின்னது. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால், சொன்னதையே நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது. பள்ளியில் நான் 'உள்ளேன்' என்று சொல்லியும் வராதவள் என்று குறித்த ஆசிரியர்கள் உண்டு.

அதனால்தான் தொலைபேசியில் பதில் சொல்லும் உதவி மேசை வேலை எனக்குப் பொருந்தியது. மைக் வாயருகிலேயே இருக்கும். முகம் காட்ட வேண்டாம். ஐந்து கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே இணையதளம். ஒரு கல்லூரி பாடம் நடத்தும், இன்னொன்று தேர்வு வைக்கும், மூன்றாவது சான்றிதழ் தரும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெரியவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு; அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மதிப்பெண் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் என் திரையில் நிற்கும். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து நான் விடுவிக்க வேண்டும். அதுவரை படித்தவரின் பக்கத்தில் 'முடிக்கப்படவில்லை' என்றே இருக்கும்.

படிக்கும் காலத்தில் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடவுச்சொல் மறந்ததில் தொடங்கி மருமகள் சண்டை வரை வருவார்கள். கணக்கியல் படித்த ஒரு தையல்காரர், நான் இருமினால்கூட "வெந்நீர் குடிம்மா" என்பார். சான்றிதழ் வந்த அன்று நன்றி சொன்னார். அதோடு சரி. ஆற்றைக் கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி என்பார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்து முடித்தவரின் மதிப்பெண்ணைச் சில நாள் பொறுத்து விடுவித்தேன். அந்த நாட்களிலெல்லாம் அவர் கூப்பிட்டார்.

அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள். மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இருந்தது. அதற்கு எங்கள் சான்றிதழ் வேண்டும். சாப்பாட்டு வேளையில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கூப்பிடுவார்.

"தங்கச்சி, இந்த வயசுல படிச்சு என்ன மந்திரியாகப் போறியான்னு கேக்குறா என் பொண்ணு. ஆமாடி, ஆனதும் உன்னைத்தான் முதல்ல உள்ள தள்ளுவேன்னேன்."

நான் சிரித்தேன்.

"சிரிப்பும் உனக்கு அளந்துதான் வருமா? சரி, சாப்டியா?"

என்னிடம் அதைக் கேட்க வேறு யாரும் இல்லை.

முதல் முறையே தேறிவிட்டார். நான் விடுவிக்கவில்லை.

தேர்வு வைத்த கல்லூரியில் கேட்டார், அனுப்பிவிட்டோம் என்றார்கள். சான்றிதழ் தரும் கல்லூரியில் கேட்டார், வரவில்லை என்றார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டு பேருமே உதவி மேசையைக் கேளுங்கள் என்றார்கள். பல இடங்கள் சேர்ந்து நடத்தும் வேலையில் தவறு எப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கும்.

"பரீட்சை முடிஞ்சதும் பாஸுன்னு திரையில வந்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேனே, தங்கச்சி."

"அது பயிற்சித் தேர்வா இருந்திருக்கும். இன்னொரு தடவை படிக்கலாம், அக்கா."

படித்தார். முன்னைவிட நல்ல மதிப்பெண். அதுவும் என்னிடமே நின்றது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது அவரே கேட்டார்.

"எனக்கு ஏதாவது ஆயிடுச்சா, தங்கச்சி? எங்கம்மாவுக்கும் கடைசில இப்படித்தான், மனசுல ஒண்ணும் நிக்காமப் போச்சு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு என் குரலே போதும்.

"இருக்கலாம், அக்கா. பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றேன்.

அதன்பின் அடிக்கடி கூப்பிட்டார். கதவைப் பூட்டினேனா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து கேட்பார். எதற்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள் என்பேன். அந்த முழங்காலோடு திரும்பிப் போவார். கதவு பூட்டித்தான் இருக்கும். அடுப்புப் பக்கம் வராதே என்று மகள் சொல்லிவிட்டாள். நோயாளியை வேறு மாடியில் விட்டுவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது என மேற்பார்வையாளரிடம் அக்காவே போய்ச் சொன்னார். ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு பேச நிறைய நேரம் கிடைத்தது.

மகள்தான் இரண்டு கல்லூரி அலுவலர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தாள். இத்தனை காலம் சேர்ந்து வேலை செய்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அன்றுதான்.

"நீங்க அனுப்பினீங்க, இவரு வாங்கல. அப்ப நடுவுல எந்தப் பூனை தின்னுச்சு?" என்று கேட்டாளாம்.

நல்ல கேள்வி. அதை முன்பே யாராவது கேட்டிருக்கலாம்.

ஆமாம், நான்தான். அக்காவின் மூன்று மதிப்பெண்களையும் நிறுத்தியது நான்தான். மற்றவர்களுடையதையும். எத்தனை பேர் என்று நான் எண்ணியதில்லை. எண்ணினால் கூட்டமாகத் தெரியும். எனக்கு ஒவ்வொருவரும் தனித்தனி.

நேற்று சான்றிதழை மகள் நேரிலேயே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். இன்று காலை, நீங்கள் விசாரிக்க வந்து என் கதவைத் தட்டுவதற்குச் சற்று முன், அக்கா கூப்பிட்டார். பின்னால் மகளின் அழுகை கேட்டது.

"அம்மா, போனை வை. அதான் உன் பேர் போட்டிருக்குல்ல."

"நீ சும்மா இருடி." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "என்னைத் தேத்துறதுக்காக இவளே எங்கயோ அச்சடிச்சுட்டு வந்திருக்கா, தங்கச்சி. நீ சொல்லு, நான் நம்புறேன். நான் பாஸா?"

"இல்லக்கா" என்றேன். பெற்ற மகளையே நம்ப முடியாத நிலையில் இருக்கிறவரை நான் எப்படித் தனியாக விடுவது?