முப்பத்தொரு கம்பளிகள்

"குப்புறப் படு! குப்புறப் படு!"

முபாரக் நானா கத்துகிறார். என் வாய்க்குள் மணல். காலை பதினொன்றே கால். முதல் ஷெல் குண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வயல் பக்கம் விழுந்திருக்கிறது. முதலில் தூரத்தில் ஒரு 'டும்'. வெற்றுப் பீப்பாயைத் தட்டிய மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. நிதானமாக எண்ணினால் பன்னிரண்டு வரும். அதற்குள் கூவிக்கொண்டு வரும். பிறகு நிலம் நம்மைத் தூக்கிப் போடும்.

பன்னிரண்டு என்பதை நான் அன்றுதான் கற்றேன். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

1995. ஆவணி மாதம். செவ்வாய்க்கிழமை. நான் லொறியின் பின் டயருக்குப் பக்கத்தில் கிடக்கிறேன். என் தங்கச்சி பாக்கியம் படுக்கவில்லை. கம்பளிக் கட்டின் மேல் கை வைத்தபடி நிற்கிறாள். இருபத்திரண்டு வயது. சத்தம் எந்தப் பக்கம் என்று பார்க்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் கல்லுக்கு வெடி வைத்தால் அப்படித்தான் நின்று பார்ப்போம்.

நாங்கள் மலைநாட்டில் பதுளை, ஸ்பிரிங்வெளிப் பக்கம். பாக்கியம் கொழுந்து பறிப்பவள். நான் பிள்ளைக்காம்பரா ஆயா. அம்மாமார் மலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மட்டக்களப்புப் பக்கம் சண்டையில் வீடிழந்த சனம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது என்று செய்தி வந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பதுளை டவுன் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். புடவைக்கடை முதலாளி ஒருவர் லொறியும் டிரைவரும் தந்தார். டிரைவர்தான் முபாரக் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்காரர்கள் பருப்பும் மாவும் தந்தார்கள். பண்டாரவளைச் சந்தையிலிருந்து கிழங்கு மூட்டை வந்தது. யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் மருந்து கட்டித் தந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கம்பளிதான் இருந்தது. மழையில் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கும் கம்பளி. வீட்டுக்கு ஒன்று. முப்பத்தொன்று சேர்ந்தது. கொடியில் காயும்போது மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு வீட்டாரும் மூலையில் ஒரு நிற நூலால் அடையாளம் தைத்திருப்பார்கள்.

டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்டார். "அங்க சரியான வெக்கை, பிள்ளை. உந்தக் கம்பளியை ஏன் கொண்டு போறியள்?"

பக்கத்து வீட்டு முத்தம்மாக்கா விடவில்லை. "வீடு இல்லாத ஆளுக்கு குளிராதுங்களா ஐயா?"

கஷ்டப்படுகிறவன் என்றால் குளிரில் நடுங்குகிறவன். நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். எதைக் கொடுத்தாலும் கையில் கொடுக்க வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினால், யார் கைக்குப் போனது என்று அந்த ஆள் திரும்பி வந்து சொல்ல வேண்டும். இழவு வீட்டுக்கு அரிசி கொடுத்தாலும் அப்படித்தான். "எங்கூட்டு கம்பளி யாருக்குப் போச்சுன்னு வந்து சொல்லணும் புள்ள," என்றார் முத்தம்மாக்கா. அதனால் நான் லொறியில் ஏறினேன். துணைக்கு வா என்று பாக்கியத்தை நான்தான் கூப்பிட்டேன். அவளாக வரவில்லை. இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பசறை. லுணுகலை. பிபிலை. மகா ஓயா. சோதனைச் சாவடி ஏழு. ஏழிலும் கம்பளிகளை இறக்கினோம், உதறினோம், ஏற்றினோம். கடைசிச் சாவடியில் ஒரு சிப்பாய், கடற்கரைக்குக் கம்பளியா என்று சிரித்தான். முபாரக் நானாவும் சிரித்துவிட்டார். பாக்கியத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

பள்ளிக்கூடத்துத் தகரம் வெயிலில் கொதிக்கிறது. பருப்பை வாங்கினார்கள். மருந்தை வாங்கினார்கள். கிழங்கை வாங்கி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். அவிக்கச் சட்டி இல்லை. சட்டியைப் பற்றிப் பதுளையில் ஒருவரும் நினைக்கவில்லை. கம்பளியை யாரும் வாங்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது.

"என்னக்கா, கரடியக் கொண்டாந்த மாதிரி பாக்குறாங்க," என்றாள் பாக்கியம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அந்த முதல் ஷெல்.

பரமேஸ்வரி என்று ஒரு பெண். அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவள். ஓடி வந்து என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாள். "பங்கருக்குள்ள இறங்குங்க புள்ள! இறங்குங்க!" பாக்கியத்தையும் தள்ளிக்கொண்டு போனாள். மணலில் வெட்டிய குழி. மேலே தென்னங்குற்றி, மண்மூட்டை. உள்ளே பிள்ளைகளோடு சேர்த்துப் பத்துப் பேர். தூரத்தில் 'டும்'. பிள்ளைகள் சத்தமாக எண்ணுகிறார்கள். பன்னிரண்டில் விழுகிறது. கிட்ட. குழியின் பக்கச் சுவர் உதிர்கிறது. மணல் சரசரவென்று இறங்கி எங்கள் காலை மூடுகிறது.

மலைநாட்டு ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் அம்மா, லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து செத்தவர். பாக்கியத்துக்கு அப்போது ஏழு வயது. அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று. நிலம் அதிர்ந்தால், மண் உதிர்ந்தால், உள்ளே நிற்காதே. வெட்டவெளிக்கு ஓடு. மழைக்காலத்தில் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லுவேன். பாக்கியத்துக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

மறுபடி 'டும்'. பிள்ளைகள் எண்ணத் தொடங்குகிறார்கள்.

பாக்கியம் வெளியே தாவுகிறாள்.

"அக்கா, வெளிய வா! மண்ணு சரியுது! வெளிய வாக்கா!"

பரமேஸ்வரி என் இடுப்பைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். ஏழு. எட்டு. குழி வாயில் பாக்கியம் தெரிகிறாள். வெட்டவெளியில் நின்று கை காட்டிக் கூப்பிடுகிறாள். அவள் ஓடிப் போயிருக்கலாம். எனக்காக நிற்கிறாள். பத்து. நான் 'உள்ள வா' என்று கத்தவில்லை. எனக்கும் வெளியே ஓடத்தான் கால் துடித்தது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு.

யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு நின்றது. காயப்பட்டவர்களைத் தூக்க ஒன்றுமில்லை. பரமேஸ்வரி கம்பளிக் கட்டை அவிழ்த்தாள். மூலைக்கு ஒரு ஆள் பிடித்துத் தூக்கினார்கள். செத்தவர்களையும் அதிலேதான் சுற்றினார்கள். ரோட்டை மூடிவிட்டார்கள். பாக்கியத்தைக் கொண்டுவர முடியவில்லை. மூன்று மணிக்கு அங்கேயே, மணலில் அடக்கம். நான் அழவில்லை. அழுகை வரவில்லை. இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

நான்காம் நாள் லயத்துக்கு வந்தேன். முத்தம்மாக்கா வாசலில் நின்றார். "பாக்கியம் எங்க?" என்று கேட்டார். சொன்னேன். கம்பளியைப் பற்றி அவர் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. பதுளையில் மறுபடி லொறி நின்றது. சனம் மறுபடி கம்பளி கொண்டு வந்தது. நான் லொறிக்கு முன்னால் போய் நின்றேன். "மொதல்ல போன் போட்டு அங்க உள்ளவங்ககிட்ட கேளுங்க. என்னா வேணும்னு அவங்க சொல்லட்டும்." சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டார்கள். சட்டி, மண்வெட்டி, பெண்களுக்கு உள்ளாடை என்று பதில் வந்தது. அதுதான் போனது. நான் போகவில்லை. போனவர்களிடம் ஒன்று சொன்னேன். "அந்த ஊரு சனம் ஓடுனா ஓடுங்க. குழியில எறங்குனா எறங்குங்க. நம்ம புத்திய இங்கயே வச்சிட்டுப் போங்க."

கணக்கு இது.

பதுளையிலிருந்து போனவர்கள் மூன்று பேர். திரும்பியவர்கள் இரண்டு பேர். முபாரக் நானாவுக்கு இடது காது போய்விட்டது. பள்ளிக்கூடத்து ஆட்களில் செத்தவர்கள் நான்கு பேர். அதில் ஒன்று, கம்பளியைத் தடவிப் பார்த்த பிள்ளை. பாக்கியத்தோடு ஐந்து.

கம்பளி முப்பத்தொன்று. காயப்பட்டவர்களைத் தூக்க ஒன்பது. பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தது பதினேழு. செத்தவர்களுக்கு ஐந்து.

முத்தம்மாக்கா வீட்டுக் கம்பளி, சிவப்பு நூல். பாக்கியத்துக்குப் போனது. என் கையால்தான் கொடுத்தேன்.