ஆதிமனிதனுக்குக் கால் கொடுத்தவன்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருப்பவன், நாக்கு தானாகச் சொல்லிவிடுகிறது. பெயர் அப்பாதுரை. நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு பாறை, அதில் சில காலடித் தடங்கள். மலை எரிமலையாகப் பொங்கிய காலத்தில், பாறை இளகிக் கிடந்தபோது ஆதிமனிதன் கிரிவலம் போன தடம் என்று வருகிறவர்களுக்குச் சொல்வேன். இடது கால் மட்டும் ஏன் பெரிதாக இருக்கிறது என்று கேட்டால், சூட்டில் வீங்கிவிட்டது என்பேன். உளி பிடித்தவன் நான்தான். ஆனால் பௌர்ணமிதோறும் அதன்மேல் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது.

போன மாதம் கீர்த்தனா என்றொரு பெண் வந்தாள். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். குனிந்து தடவிப் பார்த்தாள்.

“தாத்தா, இது உளி வெச்ச வேலை. பாறை உருகுற சூட்டுல கால வெச்சா, காலே இருக்காது.”

போனில் ஒரு படம் காட்டினாள். ஆப்பிரிக்காவில் எரிமலை கக்கிய சாம்பல்மேல் மழை பெய்திருக்கிறது. அந்த ஈரச் சாம்பலில் பல லட்சம் வருடங்களுக்கு முன் யாரோ நடந்திருக்கிறார்கள். பெரிய தடம், பக்கத்திலேயே சின்னத் தடம். காய்ந்தபின் மறுபடியும் சாம்பல் மூடிக் கல்லாகிவிட்டது. குதிகால் அழுந்தி, விரல்கள் பதிந்து, இப்போதுதான் டீ குடித்துவிட்டுப் போனவன் தடம் போல இருந்தது.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாட்ஜ் வைத்திருக்கும் கோபி, “இன்னா பெரியவரே, உங்க ஆதிமனுசன் உளியோட பொறந்தானா?” என்றான். அந்தப் பௌர்ணமிக்குப் பாறையில் ஒரு கற்பூரம்கூட எரியவில்லை. நான் சொல்வதை நம்ப ஊரில் ஆளே இல்லையென்றால், நான் வெறும் டீ ஆற்றுகிறவன்தானே. இந்த முறை முறைப்படி செய்வதென்று முடிவு செய்தேன்.

கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில்லிலிருந்து பிரகாஷ் டிராக்டரில் உமிச்சாம்பல் கொண்டுவந்து, பாறைக்கு அப்பால் இருந்த பழைய கல்குழியை நிரப்பினான். மேலே தண்ணீர் தெளித்தேன். மாவு போலப் படிந்தது. தடம் விழுந்ததும் சிமெண்ட்பால் ஊற்றி இறுக்கிவிடலாம் என்று திட்டம். அடுத்த பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது.

கால்தான் பாக்கி. என் கடைக்கு விறகு பிளக்கும் சடையன், வேண்டுதலுக்காகச் செருப்பே போடாதவன். விரல்கள் விசிறி போல விரிந்திருக்கும். நான் கூப்பிட்டு அவன் மாட்டேன் என்றதில்லை.

“நேரா நட சடையா. நடுவுல நிக்காத.”

“படத்துல ஜோடியா போறாங்கனு சொன்னியே, எனக்கு யாரு ஜோடி? நீயும் வாண்ணா.”

“நீ போ. பின்னாலயே வர்றேன்.”

முதல் அடிகள் அற்புதமாக விழுந்தன. ஆப்பிரிக்காக்காரன் பிச்சை வாங்க வேண்டும். பாதிக் குழியில் மேல்பொருக்கு உடைந்து, இடுப்புவரை இறங்கிவிட்டான். அடியில் தணல்.

“அண்ணா, கையக் குடுண்ணா.”

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்கிறோமே என்பது போலக் கேட்டான். பக்கத்திலேயே தொரட்டிக்கொம்பு இருந்தது. நீட்டியிருந்தால் பிடித்துக்கொண்டு, வந்த வழியே தடங்கள்மேல் புரண்டு வந்திருப்பான். அதனால் யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன் சத்தம் போட ஆரம்பித்தான். ரோட்டில் போனவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். எல்லாவற்றையும் மிதித்துத் துவைத்துவிட்டார்கள். கரையோரம் இரண்டு தடம் மிஞ்சியது. கூடை கவிழ்த்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் பூட்ஸோடு அங்கே போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் சடையன் போய்விட்டதாகச் சொன்னீர்கள். நல்ல பிள்ளை.

எச்சரிக்காமல் சூட்டுச் சாம்பலைக் கொட்டினான் என்று பிரகாஷைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள், குடும்பஸ்தன். மேலே ஆறினாலும் உள்ளே வாரக்கணக்கில் கனிந்துகொண்டே இருக்கும், யாரையும் கால் வைக்க விடாதீர்கள் என்று கொட்டும்போதே சொன்னான். சும்மா பயமுறுத்துகிறானோ என்று, சம்பவத்தன்று காலை ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தேன். நுனி கருகி வந்தது.

அதற்கப்புறம்தான் சடையனுக்கு ஆள் அனுப்பினேன்.