எர்மிந்தா அம்மையாருக்கு நாங்கள் நன்றி சொல்லப் போவதில்லை

பரானா ஆற்றங்கரையில் பாசோ கராந்தா மக்கள் நூலகத்தின் நண்பர்கள் சங்கத்துக்குத் தலைமையேற்று, நெடுங்காலம் நின்று, இன்று பொறுப்பிலிருந்து ஓய்வு பெறும் எர்மிந்தா லெடெஸ்மா அம்மையாரின் முன்னிலையில், சங்கத்தார் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

கத்தரிக்கோல் பிடித்த கரத்தால் கதவடைப்பைத் தடுத்த காவலரே,
படிப்பறையைப் பறிக்க வந்தோரைப் படியிலேயே நிறுத்திய பெருமாட்டியே,
ஊரார் தலையை அழகாக்கி, உள்ளிருப்பதையும் ஒழுங்காக்கிய உத்தமியே,
எங்கள் எர்மிந்தா அம்மையீர், வணக்கம்.

பாராட்டு மடல் எழுதுவோர் முதல் பத்தியிலேயே நன்றி கூறிவிடுவது முறை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேயர் பெர்த்தோல்தி அவர்களும் அம்முறையைக் கைவிடாமல், "நன்றி, எர்மிந்தா" என்று பொறித்த பித்தளைப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நாங்கள் முறை தவறுகிறோம். இம்மடலில் உங்களுக்கு நன்றி கூறப்படமாட்டாது. ஏன் என்பது உங்களுக்குத் தெரியும், மேயருக்கும் தெரியும். ஆனாலும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடல் இது. நாளை வெளியூரார் எவரேனும் வந்து படித்து எங்களை நன்றி கெட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா, ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறோம்.

நூலகத்துக்கு நேர் எதிரே முடிதிருத்தகம் வைத்து, ஆண் பெண் பேதமின்றி அனைவர் தலையிலும் கை வைத்தவரே, நீங்கள் சங்கம் வளர்த்த விதத்தை எந்தச் சட்டமும் அனுமதிக்காது. உங்கள் நாற்காலியில் அமர்ந்தவர் பாதி வெட்டிய தலையோடு கண்ணாடியைப் பார்த்துக் கலங்கும் வேளை பார்த்து, "நூலகத்துல சேந்துட்டீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை என்று பதில் வந்தால் கத்தரிக்கோல் மேசைக்குப் போய்விடும். "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. நான் போயி வென்னீர் வெச்சுட்டு வரேன்" என்று உள்ளே போய்விடுவீர்கள். ஒரு பக்கம் குட்டையும் மறுபக்கம் நெட்டையுமாகத் தெருவில் இறங்கும் துணிவு எவருக்கு உண்டு? இச்சங்கத்தில் சிலர் அறிவுத் தாகத்தால் சேர்ந்தவர்கள், பலர் மீதித் தலைக்காகச் சேர்ந்தவர்கள். இதை எழுதும் செயலாளர் ஒலெகாரியோ எந்த வகை என்று இந்த அவையில் யாரும் கேட்க வேண்டாம்.

ஆறு பெருகி நூலகத்துக்குள் புகுந்த ஆண்டில், நனைந்த நூல்களை நாங்கள் அழுதுகொண்டே வெளியே சுமந்தபோது, நீங்கள் அழவில்லை. கடையில் பெண்கள் தலை உலர்த்தும் கூண்டுகளுக்குள் நூல்களை விரித்து வைத்துச் சூட்டைத் திருகினீர்கள். ஈரத் தலையோடு வரிசையில் நின்ற ஒருத்தி, "தோன்யா எர்மிந்தா, சாயங்காலம் நான் கல்யாணத்துக்குப் போகணும், என் தலை சொட்டுதே" என்று, ஊரே உங்களை அழைக்கும் அந்த மரியாதைச் சொல்லோடு முறையிட்டாள். "உன் தலை வெயில்ல காயும், அட்லஸ் காயாது" என்றீர்கள். அந்த அட்லஸ் இன்றும் மூன்றாம் அலமாரியில் இருக்கிறது. கொஞ்சம் உப்பியிருக்கிறது, அவ்வளவே.

இனி, உங்கள் ஆட்சிமுறையைச் சொல்ல வேண்டும். சங்கம் தொடங்கிய நாள்களில் கூட்டமென்றால் கூச்சல்தான். எல்லாரும் பேசுவர், எவரும் கேளார். நீங்கள்தான் விதி செய்தீர்கள். கூட்டத்தில் மாத்தே என்னும் இலைப்பானம் ஒரே குடுவையில் சுற்றி வரும், குடுவை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பேச்சு. மற்ற ஊர்களில் குடுவையைப் பிடித்துக்கொண்டு பேசுபவனை "குடிச்சுட்டுக் குடுப்பா, அது என்ன மைக்கா?" என்று கேலி செய்வார்கள். எங்கள் சங்கத்தில் அது மைக்கேதான். இலை போட்டு, வென்னீர் ஊற்றி, உறிஞ்சுகுழலைத் திருப்பி நீங்கள் நீட்டினால் வாங்கியவர் பேசலாம், குடிக்கலாம். ஆறிப்போகும் முன் குடுவை திரும்பிவிட வேண்டும். அதனால் இந்த ஊரிலேயே சுருக்கமாகப் பேசுபவர்கள் நாங்கள்தான்.

வாங்கும்போது நன்றி சொல்லக் கூடாது என்பதை நம்மூர்க் கைக்குழந்தையும் அறியும். மாத்தே வட்டத்தில் நன்றி என்றால் போதும் என்று பொருள். சொன்னவரைத் தாண்டி அடுத்தவருக்குக் குடுவை போய்விடும், பிறகு அவர் பக்கம் வராது.

இந்த ஒரு சொல்லில்தான் மேயர் அவர்கள் வழுக்கி விழுந்தார். தொராதோ மீன் பிடிக்க வரும் பணக்காரர்களுக்காக, ஆற்றைப் பார்த்த எங்கள் நூலகக் கட்டடத்தை விடுதியாக்குவது, நூல்களைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள கிடங்குக்கு அனுப்புவது என்பது அவருடைய திட்டம். அதற்குச் சங்கத்தின் சம்மதம் கேட்டு, புதுச் சட்டையும் பழைய புன்னகையுமாக எங்கள் கூட்டத்துக்கு வந்தார். விருந்தினர் என்பதால் முதல் குடுவையை அவருக்கே கொடுத்தீர்கள். அவர் எழுந்து, "அன்பான நண்பர்களே, இத்தனை வருஷமா இந்த நூலகத்தைக் காப்பாத்திக் குடுத்ததுக்கு உங்க எல்லாருக்கும் மனசார நன்றி" என்று தொடங்கினார்.

நீங்கள் கையை நீட்டிக் குடுவையை வாங்கிக்கொண்டீர்கள்.

"சரி, நன்றி சொல்லிட்டீங்க. அடுத்தது யாரு?"

"ஐயோ தோன்யா, நான் மாத்தேயைச் சொல்லல. ஜனங்களுக்குச் சொன்னேன்."

"குடுவை கையில இருக்கும்போது சொன்னா ஒரே அர்த்தந்தான் மேயரே. போதும்னவருக்கு மறுபடி ஊத்தி வற்புறுத்துறது நல்லாவா இருக்கு?"

அன்று பிற்பகல் முழுதும் குடுவை அவர் மூக்கைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. திட்டம் மடித்தபடியே அவர் பையில் இருந்தது. கூட்டக் குறிப்பில் செயலாளர் எழுதியது ஒரே வரி. மேயர் தமக்குப் போதும் என்றார்.

சம்மதம் கிடைக்காவிட்டால் உத்தரவு போட்டுவிடலாம் என்று அவர் எண்ணினார். வரும் சனிக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. கட்டடத்துக்கு ஆபத்து என்றால் ஊரே கைகோத்து அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பது நம் நாட்டு வழக்கம். அந்தச் சனிக்கிழமை நாங்களும் வந்தோம், உங்கள் பக்கத்துக் கடை ரொட்டிக்காரி அஸுசேனாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கைகோத்து மூலை திரும்பிய பிறகுதான் எங்கள் அறிவு எங்களுக்கே விளங்கியது. நாள்தோறும் நுழைந்து வெளிவரும் கட்டடத்தை எங்களில் ஒருவரும் சுற்றிப் பார்த்ததே இல்லை. நூலகத்தின் பின்சுவரும் நகராட்சி அலுவலகத்தின் பின்சுவரும் ஒரே சுவர். நடுவே ஒரு பூனைகூடப் போக முடியாது.

"தோன்யா, முன்பக்கம் மட்டும் பாதியாக் கட்டிப்பிடிச்சா ஆகாதா?" என்றாள் அஸுசேனா.

"பாதி கட்டிப்பிடிக்கிறதுக்கு எம் புருஷனே போதும், தெருவுக்கு வந்திருக்க வேணாம். ரெண்டையும் சேத்துப் பிடிங்க."

"நகராட்சியையுமா?"

"ஏன், அது மட்டும் யாரு அப்பன் வீட்டுச் சொத்து? அதுவும் நம்மளுதுதான்."

இரண்டு கட்டடத்துக்கு ஆள் போதவில்லை. முடி வெட்டும்போது கழுத்தில் கட்டும் பூப்போட்ட துணிகளையும் துண்டுகளையும் கடையிலிருந்து வாரிக்கொண்டு வந்து முடிச்சுப் போட்டு இடைவெளிகளை அடைத்தீர்கள். மேயர் சன்னலைத் திறந்தபோது, தாம் மாதந்தோறும் கழுத்தில் கட்டிக்கொள்ளும் துணி தம் சன்னலுக்குக் கீழே இழுத்துக் கட்டியிருப்பதைக் கண்டார். சாவி வாங்கப் புறப்பட்டவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் மேயர் வானொலியில், மக்கள் பேரன்போடு நகராட்சியைத் தழுவிக்கொண்டார்கள் என்று பெருமையடித்தார். தழுவியவர்கள் மேல் காவலரை ஏவ எவருக்கு முகம் வரும்? ஆணை அப்படியே உறங்கிப்போயிற்று.

உறங்கிற்று, சாகவில்லை. அஸுசேனாவின் கடை வரிசையில் நின்றுகொண்டு அவரே சொன்னார். "அந்தம்மா இன்னும் எத்தனை நாளைக்கு? இடுப்பு போயிருச்சு. அவங்க ஒதுங்குனா சங்கம் தானாக் கலைஞ்சுரும், அப்புறம் பாத்துக்கலாம்." ரொட்டி எடுத்துக் கொடுத்தது அஸுசேனா என்பதைக் கவனிக்கவில்லை. கேட்டதிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்பதை ஒளிக்க மாட்டோம். அவர் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது.

அந்தப் பயத்தின் மேல்தான் சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் இடியைப் போட்டீர்கள். இடுப்பு வலியால் நீங்கள் எழ முடியாமல், அன்று அஸுசேனா ஊற்றினாள். குடுவை உங்களிடம் வந்தது. களகளவென்று குழல் ஒலிக்கும்வரை குடித்தீர்கள், குடுவையைத் திருப்பி நீட்டினீர்கள், "நன்றி" என்றீர்கள். இத்தனை ஆண்டுகளில் உங்கள் வாயால் நாங்கள் கேட்டிராத சொல். அஸுசேனா குடுவையை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீங்கள் அதை மேசையில் வைத்துவிட்டு ஊன்றுகோலைத் தேடினீர்கள். அன்று எவரும் எதுவும் பேசவில்லை, குடுவை எவர் கையிலும் இல்லையே.

அம்மையீர், தலைமையை விட்டு இறங்குகிறீர்கள், அது உங்கள் உரிமை. நின்று நின்று தேய்ந்த இடுப்புக்கு நாற்காலி வேண்டும், அதை மறுக்கும் கல்நெஞ்சர் இங்கே இல்லை. புதிய தலைவராக அஸுசேனாவைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், மாவு பிசைந்த கை அது, சாவியைப் பிடித்தால் பிடுங்க முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சொல்லை இச்சங்கம் ஒருமனதாக நிராகரித்திருக்கிறது. தலைமை வேறு, வட்டம் வேறு. வட்டத்தை விட்டுப் போக உங்களுக்கு அனுமதி இல்லை.

மாண்புமிகு மேயர் அவர்களே, பலகை நன்றாக இருக்கிறது, எழுத்தும் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் அதை மாட்ட இடமில்லை, சுவரெல்லாம் புத்தகம். பொதுச் சுவர்தானே, உங்கள் பக்கத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். போதும் என்று சொன்னவர் நீங்கள் ஒருவரே. மாட்டி முடித்த பிறகு எங்கள் பக்கம் சுற்றி வந்து பாருங்கள், வாசிப்பறையில் விளக்கு எரியும். சங்கம் கலைந்துவிட்டதா என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

எர்மிந்தா அம்மையீர், உங்கள் இடுப்பு தேறுக, கண் தெளிக, கை நடுங்காதிருக்க. உங்கள் வீட்டு வென்னீர் ஆறாதிருக்க, இலை சாறு இழக்காதிருக்க. ஆறு எத்தனை முறை ஏறி வந்தாலும், அது வடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் ஆயுள் உங்களுக்கு வாய்க்க. எங்கள் எல்லார் தலையும் நரைத்து உதிரும் நாளிலும், சேராதவர் எவரென்று கேட்டு மிரட்ட நீங்கள் இருக்க.

மடல் முடிகிறது. அஸுசேனா குடுவையோடு உங்களிடம் வருகிறாள். வாங்குங்கள், குடியுங்கள், குழல் ஒலிக்கட்டும். திருப்பிக் கொடுங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள்.

இவண்,
இன்னும் போதும் என்று சொல்லாத உறுப்பினர்கள்,
நூலக நண்பர்கள் சங்கம், பாசோ கராந்தா.