முதலாளியிடம் ஒரு புகார்

பயணி: என்னக்கா... நேராப் போற ரோட்ட விட்டுட்டு இந்தப் பக்கம் திருப்புறீங்க?

ஓட்டுநர்: அங்க இப்ப ஸ்கூல் விடுற நேரம் தம்பி. அந்த நேரத்துல எங்க வண்டி எதுவும் அந்தத் தெருவுக்குள்ள போகாது.

பயணி: யாரு சொன்னா?

ஓட்டுநர்: நாங்கதான். கூட்டம் போட்டு, கை தூக்கி முடிவு பண்ணோம்.

பயணி: நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூ இருக்குக்கா! டயர் கடை மாடியில. மூணு மாசமா வீட்டுல சும்மா உக்காந்திருக்கேன். லேட்டாப் போனா இதுவும் போச்சு.

ஓட்டுநர்: போயிடலாம், பதறாதீங்க.

பயணி: ஸ்டாரக் குறைச்சிடுவேன், பாத்துக்கோங்க.

ஓட்டுநர்: எங்க ஆப்புல ஸ்டாரே கிடையாதே!

பயணி: அப்ப உங்க முதலாளிகிட்ட புகார் பண்றேன்.

ஓட்டுநர்: தாராளமா. சீட்டுக்குப் பின்னாடி நம்பர் ஒட்டியிருக்கு.

பயணி: சும்மா மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. இதோ போடுறேன்... என்னக்கா, உங்க போன் அடிக்குது?

ஓட்டுநர்: கொஞ்சம் பொறுங்க. ஓரங்கட்டிட்டுதான் எடுக்கணும்.

பயணி: ஐயோ, நிறுத்தாதீங்க! நேரமாகு...

ஓட்டுநர்: வணக்கம். எங்கள் கூட்டுறவு வண்டிச் சேவைக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறேன். தங்களுக்கு நேர்ந்த குறையைத் தயங்காமல் தெரிவிக்கலாம்.

பயணி: அக்கா... நான் பின் சீட்டுலதான் இருக்கேன்.

ஓட்டுநர்: தங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. குறையைச் சொல்லுங்கள்.

பயணி: உங்க டிரைவர் ஊரைச் சுத்துறாங்க!

ஓட்டுநர்: சுற்றிச் செல்வது எங்கள் அனைவரின் முடிவு. கூடுதல் தூரத்துக்குக் கட்டணம் இல்லை. தாமதத்துக்கு வருந்துகிறேன். முடிவில் உடன்பாடு இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்குத் தாங்களும் வந்து பேசலாம். நாற்காலி போடுவோம்.

பயணி: சரி சரி, வைங்க போன. வண்டிய எடுங்க... யாரு எழுதிக் குடுத்தா இதெல்லாம்?

ஓட்டுநர்: யாரு எழுதிக் குடுக்கணும்? நானே உக்காந்து எழுதினேன். 'வருந்துகிறேன்' மட்டும் வேணாம்னு எங்க ஆளுங்க சண்டைக்கு வந்தாங்க. தப்பே பண்ணாம எதுக்கு வருந்தணுமாம். நான் விடல.

பயணி: அப்ப... முதலாளி?

ஓட்டுநர்: இந்த வாரம் போன் என் முறை. அடுத்த வாரம் இன்னொருத்தர். முதலாளின்னு தேடினா, ஓட்டுற நாங்க எல்லாருமேதான்.

பயணி: முன்னாடி பெரிய கம்பெனியில ஓட்டினீங்களோ?

ஓட்டுநர்: ஆறு வருஷம். ஒருநாள் காலையில போனத் திறந்தா, 'உங்கள் கணக்கு மூடப்பட்டது'ன்னு ஒரு வரி. ஏன்னு கேக்க ஆள் இல்ல. எத்தனை தடவ கேட்டாலும் அதே வரிதான் திரும்ப வந்துச்சு. அதான், நாங்க ஆரம்பிச்சப்ப ஆப்புக்கு முன்னாடி இந்த நம்பரத்தான் வாங்கினோம்.

பயணி: அவங்க உங்கள முழுங்கிட மாட்டாங்களா?

ஓட்டுநர்: முழுங்கப் பாத்தாங்க. பாதி வாடகைக்கு வண்டி விட்டாங்க. எங்க ஆப்பு வேற அப்பப்ப மயக்கம் போட்டு விழும்... விழுந்தா விழட்டும்னு போன்லயே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓட்டினோம். இன்னும் இருக்கோம்ல?

பயணி: ம்... இருக்கீங்க.

ஓட்டுநர்: இதோ டயர் கடை. இறங்குங்க.

பயணி: அக்கா... ஒண்ணு சொல்லணும். என் கோவத்துல பாதி நடிப்பு. இன்டர்வியூவே உங்க கூட்டுறவுலதான். ஆப்பு சரி பண்ற வேலை. சேர்றதுக்கு முன்னாடி, போன் போட்டா மனுஷங்க எடுக்குறாங்களான்னு பாக்கத் தோணுச்சு. ஆனா லேட்டானது நிஜம்... மேல இருக்கிறவங்க ரொம்பக் கோவக்காரங்களா?

ஓட்டுநர்: ஒருத்தி மட்டும் கொஞ்சம் கறார். இன்டர்வியூ லிஸ்ட்ல இருந்த பேர புக்கிங்ல பாத்ததுமே, வேற வண்டிக்குப் போக வேண்டிய உங்க சவாரிய அவளே கேட்டு வாங்கிட்டா... ஆள் எப்படின்னு பாக்கலாம்னு. மெதுவா ஏறுங்க தம்பி, நான் வராம அங்க முதல் கேள்வியே கேக்க மாட்டாங்க.